சொறிக்கு மருந்து இருக்கிறது. கிழட்டு நாய்க்கு இடம் இருக்கிறதா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மழைக்காலத்தில் மாநிலத்திலேயே அதிக மழை பதிவான இடம் என்று செய்தியில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் ஊத்தும் நாலுமுக்கும்தான். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் நிறுவனம் வாங்கிய 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மலைக்காட்டில் உருவான தேயிலைத் தோட்டங்கள் இவை. சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டது. தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்ட மனுக்களை அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது.

வேலையும் வீடும் ஒன்றாகப் போகும்போது நாயைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சின்ன விஷயமாகப் படலாம். ஆனால், அப்படி இறங்கும் எந்தக் குடும்பத்திலும் அந்தக் கேள்வி வந்தே தீரும். பாத்திரம், கட்டில், பீரோவெல்லாம் வண்டியில் ஏறிவிடும். ஆட்டையும் கோழியையும் விற்றுவிடலாம். இளம் நாயாக இருந்தால் சமவெளியில் தோட்டக் காவலுக்கு யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள். பத்து வயதான, முதுகில் முடி கொட்டி, காதெல்லாம் தடித்து, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கிற நாயை யார் கேட்பார்கள்? வாடகை வீட்டுக்காரரும் முகம் சுளிப்பார். நம் ஊர்ப் பேச்சில் 'சொறிநாய்' என்பதே ஒரு வசவு.

அங்கேயே விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. மகாராஷ்டிரத்தில் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள், அவை தின்ற இரையின் மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு நாய்தான் என்று கண்டார்கள். ஓட முடியாத கிழட்டு நாய் முதலில் போகும். போகாமல் பிழைத்தால், அதுவும் காட்டுக்கு நல்லதல்ல. தடுப்பூசி போடாத நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் காட்டு விலங்குகளுக்குப் பரவும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டில் இருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,000 சிங்கங்கள், இந்த நோயால் மடிந்தன. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. களக்காடு முண்டந்துறையில் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. இதோடு, பட்டினி கிடக்கட்டும் என்று ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தேயிலைத் தோட்டத்து நாய்க்கு வேறு வீடு கிடைத்த கதையும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து, லயன் வீடுகளில் இருந்த 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். அந்த லயனில் வளர்ந்த 'குவி' என்ற நாட்டு நாய், பல நாள் தேடலுக்குப் பிறகு, தன்னோடு விளையாடிய குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சோறு தண்ணீர் இல்லாமல் சுற்றிய அதை இடுக்கி மாவட்ட போலீஸ் நாய்ப் பிரிவு எடுத்துப் பராமரித்தது. சில மாதம் கழித்து, உயிர் பிழைத்த பாட்டி கேட்டதும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். குவி பத்திரிகையில் வந்த நாய். பத்திரிகையில் வராத கிழட்டு நாயைத் தோட்டத்து வீட்டிலோ களத்து மேட்டிலோ சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்குத்தான் இனி வருவது.

சொறி என்பது ஒரே நோய் அல்ல

நாய்க்கு முடி கொட்டினால் எல்லாவற்றுக்கும் 'சொறி' என்று ஒரே பேர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் ஒரே மருந்தைத் தேடுகிறோம். பலிக்கவில்லை என்றால் 'தீராத சொறி' என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஐந்தாறு நோய்கள் இதற்குள் இருக்கின்றன. சில, ஒரு மாதத்தில் தீரும். சில, சாகும் வரை கூடவே இருக்கும். அடக்கி வைக்கலாமே தவிர ஒழிக்க முடியாது. நாயை எடுத்துக்கொள்ளும் முன் இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, அசல் சொறி. சார்காப்டிஸ் என்ற நுண்ணுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது. அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும். காது மடல் ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு ஆகிய இடங்களில் முடி கொட்டிப் பொருக்கு தட்டும். காது மடலின் ஓரத்தை விரலால் மடக்கித் தேய்த்தால் நாய் தன்னையறியாமல் பின்னங்காலை ஆட்டிச் சொறிய முயலும்; மருத்துவர்களே செய்து பார்க்கும் சோதனை இது. இது மற்ற நாய்களுக்குச் சட்டென்று ஒட்டும். மனிதருக்கும் கையிலும் வயிற்றிலும் கொப்புளம் வரலாம். ஆனால், நாய்க்கான இந்த உண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்கு வைத்தியம் பார்த்ததும் சில வாரங்களில் நமக்கும் அடங்கிவிடும். பார்க்க ஆகக் கொடூரமாக இருக்கும் இந்தச் சொறிதான், சிகிச்சைக்கு ஆகச் சுலபமாகக் கட்டுப்படுவதும். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, டெமோடெக்ஸ். இதுவும் நுண்ணுண்ணிதான். எல்லா நாயின் மயிர்க்கால்களிலும் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகும். கண்ணைச் சுற்றி, வாயோரம், முன்னங்கால்களில் வட்ட வட்டமாக முடி போகும். தொடக்கத்தில் அரிப்பு குறைவு. மனிதருக்கு ஒட்டாது. குட்டியில் வந்தால் பெரும்பாலும் பிழை இல்லை. ஆனால், கிழட்டு நாய்க்குப் புதிதாக வந்தால் உள்ளே வேறு நோய் இருக்கிறது என்று அர்த்தம்: சுரப்பிக் கோளாறு, கட்டி, அல்லது நீண்ட நாள் போட்ட ஸ்டீராய்டு ஊசி. தோலை மட்டும் பார்த்தால் போதாது.

மூன்றாவது, ஈஸ்ட் எனும் பூஞ்சை. மழையும் ஈரமும் உள்ள இடத்து நாய்களுக்குத் தோதான நோய். விரலிடுக்கு, காது, கழுத்து மடிப்பு, தொடையிடுக்கு ஆகியவை பிசுபிசுப்பாகி, ஒரு மாதிரி புளித்த நாற்றம் வரும். நாள்பட்டால் தோல் கறுத்துத் தடித்து யானைத் தோல்போல ஆகிவிடும். 'இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிடப்படும் நாய்களில் பல, இந்த யானைத்தோல் நாய்கள்தான். ஒழுங்காகக் குளிப்பாட்டினாலே பாதி சரியாகும்.

நான்காவது, தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. வால் அடியிலும் பின்முதுகிலும் முடி போயிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஆகாது. நாலைந்து கடி போதும், வாரக்கணக்கில் கடித்துக்கொண்டே இருக்கும். உணவு ஒவ்வாமை, தூசி ஒவ்வாமை எல்லாம் இதே வரிசை. தூசி ஒவ்வாமை வழக்கமாக இளம் வயதிலேயே தொடங்கி ஆயுள் முழுக்க வரும்.

ஐந்தாவது, கிழட்டு நாய்களிடம் மறக்கக் கூடாதது, சுரப்பிக் கோளாறு. தைராய்டு குறைந்தால் நாய் அதிகம் தின்னாமலே கொழுக்கும், எப்போதும் படுத்தே கிடக்கும், இரண்டு பக்க விலாவிலும் ஒரே மாதிரி முடி போகும், வால் எலி வால்போல மொட்டையாகும். அரிப்பு அதிகம் இருக்காது. ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் தினமும் மாத்திரை. சில வாரங்களில் நாய் எழுந்து நடமாடும், முடி வர மாதக்கணக்காகும். நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் போய், வயிறு பானைபோலத் தொங்கி, தோல் மெலிந்திருந்தால் அது வேறொரு சுரப்பிக் கோளாறு. இதற்கும் மருத்துவர்தான்.

படர்தாமரை தனி. வட்டமாக முடி உதிர்ந்த இடம் பிள்ளைகளின் கையிலும் கழுத்திலும் அதேபோல வட்டம் போட்டால், வீட்டாரும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாட்டு மருந்தை நாய்க்குப் போடலாமா?

கால்நடை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. மாட்டுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருக்கும், நாய்க்கென்று தனியாகச் செலவழிக்க மனசு வராது.

ஐவர்மெக்டின் ஊசியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் தந்த மருந்து இது. அதற்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணை நம்பிப் பிழைக்கிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய சேதி. சொறி உண்ணிக்கு அது கேட்கும் என்பதும் உண்மை. சிக்கல் அளவில் இருக்கிறது. மாட்டு ஊசி மருந்து 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் தயாரானது. நாட்டு நாயின் எடை 12 முதல் 15 கிலோ. கண்ணளவில் 'ஒரு மில்லி போடு' என்றால் மூன்று நான்கு மடங்கு ஏறிவிடும். சில இனங்களின் ரத்தம் கலந்த நாய்களுக்குச் சாதாரண அளவே மூளையைத் தாக்கி, தள்ளாட்டம், மயக்கம், மரணம் வரை போகும். தெருவிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வந்த நாய்க்கு எந்த ரத்தம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது நாய்களுக்கென்றே ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. சொறி உண்ணி, டெமோடெக்ஸ், சாதாரண உண்ணி, தெள்ளுப்பூச்சி நான்கையும் ஒன்றாகப் பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால், மாதக்கணக்கில் அரைகுறையாகச் செலவழிப்பதைவிடக் குறைவு. வலிப்பு வந்த நாயாக இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாய் மேல் ஊற்றுவது இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. இதற்கு மன்னிப்பே கிடையாது. பொருக்குத் தட்டி வெடித்த தோல் வழியாக விஷம் நேராக ரத்தத்துக்குப் போகும். மிச்சத்தை நாய் நக்கிக் குடிக்கும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கண்மணி சுருங்கினால் உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து டப்பாவோடு கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வண்டிக் கழிவு ஆயில், மண்ணெண்ணெய், பினாயில், டர்பன்டைன் எல்லாம் இதே ரகம். மாட்டு உண்ணிக்குப் பயன்படும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகைகளை நாய் மேல் தடவினால், அதை உரசிப் படுக்கும் வீட்டுப் பூனைக்கு ஆபத்து.

நாட்டு வைத்தியத்தை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசிய பழைய பழக்கத்தில் அறிவு இருந்தது. கந்தகம் சொறி உண்ணியைக் கொல்லும், மனிதச் சிரங்குக்கும் அது பழைய மருந்துதான். ஆனால், கிழட்டு நாய்க்கு, நக்காமல் பார்த்துக்கொள்ள வழி இல்லாமல், உடம்பு முழுக்கப் பூசக் கூடாது. வேப்பிலை கொதித்து ஆறிய நீரில் கழுவிவிடுவது அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும், தடையில்லை. மாட்டுத் தோலுக்குக் குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுகிறோமே, அதை அப்படியே நாய்க்குப் போடுவது மட்டும் வேண்டாம். மாடு தன் முதுகை நக்குவது அரிது. நாய் நக்கியே தீரும். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகை உண்டாக்கும்.

இன்னொன்று, 'ஒரே ஊசியில் அரிப்பு நின்னுபோச்சு' என்று சந்தோஷப்படும் ஊசி. அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. தேவைப்படும் நேரத்தில் நல்ல மருந்து. நோய் என்னவென்று பாராமல் மாதாமாதம் போட்டுக்கொண்டே போனால் கிழட்டு நாய்க்குச் சர்க்கரை வரும், தோல் மெலியும், அடங்கியிருந்த டெமோடெக்ஸ் கிளம்பும். என்ன ஊசி என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் அந்தச் சீட்டுதான் பேசும்.

முதல் ஒரு மாதம்

நாயைக் கொண்டுவந்த அன்றே வீட்டுக்குள் விட வேண்டாம். மாட்டுத் தொழுவத்துக்கும் மற்ற நாய்களுக்கும் தள்ளி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் நீளக் கயிற்றில் கட்டிப் போட வேண்டும். புது இடத்தில் பயந்த நாய் கடிக்கும். அரிப்பிலும் வலியிலும் இருக்கிற நாய் தொட்டாலே கடிக்கும். பிள்ளைகளை ஒரு வாரம் கிட்டே விடக் கூடாது. வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலில் அதைப் போட வேண்டும். கடித்தாலோ பல் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். 'நம்ம வீட்டு நாய்தானே' என்ற பேச்சு இங்கே உதவாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் சோதனை, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது. சில நிமிட வேலை. உண்ணியா, ஈஸ்டா, கிருமியா என்பதில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். சார்காப்டிஸ் மட்டும் கண்ணாமூச்சி காட்டும். கண்ணில் படாவிட்டாலும் அறிகுறியை வைத்தே மருத்துவர் வைத்தியம் தொடங்கலாம். நெல்லை மாவட்டத்துக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டால் அங்கே போகலாம். 1962 என்ற எண்ணில் வரும் நடமாடும் கால்நடை ஊர்தி முக்கியமாக ஆடு மாடுகளின் அவசரத்துக்கானது. சொறிக்கு அதைக் கூப்பிடுவது முறையல்ல.

மலையிலிருந்து சமவெளிக்கு வரும் நாய்க்கு உண்ணித் தொல்லை கூடும். பழுப்பு நாய் உண்ணிக்கு வெப்பம் பிடிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை இடுவது நாயின் மேல் அல்ல. சுவர் விரிசலில், கட்டில் சந்தில், கூரை ஓலையில். நாய்க்கு மருந்து போட்டும் உண்ணி திரும்பத் திரும்ப வருகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் சுவரைப் பார்க்க வேண்டும். விரிசலை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கவும், படுக்கைச் சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்கவும். உண்ணியை விரலால் நசுக்காமல் இடுக்கியால் பிடித்து இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்து, மூக்கில் ரத்தம் வந்தால் அது உண்ணிக் காய்ச்சல்; தோலை விட்டுவிட்டு உடனே அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

குளியலும் சோறும்

நாள்பட்ட தோல் நோய்க்கு மருந்தைவிடக் குளியல்தான் அதிகம் வேலை செய்யும். நம் சோப்பும் துணி சோப்பும் கூடாது. மனிதத் தோலின் அமிலத்தன்மை வேறு, நாயுடையது வேறு. நம் சோப்பு அதன் தோலை உலர்த்தி இன்னும் அரிக்க வைக்கும். குளோர்ஹெக்சிடின், மிக்கோனசோல் கலந்த நாய் ஷாம்பூ ஈஸ்டுக்கும் கிருமிக்கும் கேட்கும். நுரையைத் தடவியதும் ஊற்றிக் கழுவிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாயைப் பிடித்து வைத்திருப்பதுதான் பாடு. வீட்டில் பொறுமைசாலி யாரோ அவரிடம் அந்த வேலையை விட்டுவிடலாம். முதலில் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒன்று. வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டி, விரலிடுக்கும் காதும் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குளியலைத் தள்ளிப்போட்டாலும் காலைத் துடைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. புண்ணில் ஈ உட்கார்ந்து புழு வைக்கும் காலமும் அதுதான். நாற்றம் மாறினால் முடியை விலக்கிப் பார்த்துவிட வேண்டும்.

மோர்ச் சோறும் பழைய குழம்பும் தின்று வளர்ந்த நாய்க்குத் தோல் தேற, புரதம் வேண்டும். அவித்த முட்டை, முள் எடுத்த சாளை மீன், கோழியின் ஈரல் கொஞ்சம். சாளையில் உள்ள மீன் எண்ணெய் தோலின் அழற்சியைத் தணிக்கும், விலையும் கட்டுப்படி. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். உணவு ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால், நாய் இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதத்தையும் அரிசியையும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். எட்டு வாரமும் யாரும் பிஸ்கட் போடாமல் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இது நடக்கிற காரியமா என்று யோசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கிழட்டு நாய்க்குப் பல் சொத்தை இருக்கும். எலும்பு போடாமல் சோற்றைக் குழைத்துப் போட வேண்டும். மூட்டு வலிக்கு நம் வீட்டு பாராசிட்டமாலோ டைக்ளோஃபெனாக்கோ கொடுக்கவே கூடாது.

எடுக்கலாமா, வேண்டாமா?

நாள்பட்ட நோயுள்ள நாய்க்கு ஒரு முறைச் செலவு என்பது கிடையாது. மாதாமாதம் மாத்திரையோ ஷாம்பூவோ வாங்க முடியுமா, வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்க ஆள் இருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்திலும் கலியாண வீட்டு நாளிலும் யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்து. முடியாது என்றால் நேராகச் சொல்லிவிடுவது நாய்க்கு நல்லது. இரண்டாம் முறை கைவிடப்படுவது அதற்கு இன்னும் கொடுமை. ஒரு ஊரில் நாலு வீடு சேர்ந்து, ஒருவர் சோறு, ஒருவர் மருந்து, ஒருவர் குளியல் என்று பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2023-ம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இப்படி ஒரு பகுதியோடு வாழும் நாய்களைச் 'சமூக நாய்கள்' என்றே சொல்கின்றன; கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடச் சொல்கின்றன.

எதற்காகக் கிழட்டு நாயை எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரியார்த்தமான பதிலும் உண்டு. குட்டிபோலச் செருப்பைக் கடிக்காது, கோழியைத் துரத்தாது. லயனில் வளர்ந்த நாய் ஆட்களின் நடமாட்டத்துக்குப் பழகியது. யார் வீட்டு ஆள், யார் வேற்றாள் என்பதைச் சீக்கிரம் படித்துவிடும். ஓடிப் பிடிக்காது, ஆனால், ராத்திரி பன்றி வந்தால் குரல் கொடுக்கும். தோட்டத்து வீட்டுக்கு அது போதும். ஆனால், காட்டோரத் தோட்டமாக இருந்தால் ராத்திரி வெளியே கட்டிப் போடக் கூடாது. கட்டிய நாய் சிறுத்தைக்குப் பரிமாறிய இலை. அடைப்பான கூண்டோ, தாழ்ப்பாள் உள்ள திண்ணை அறையோ வேண்டும்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து மறுபடி தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். டெமோடெக்ஸ் என்றால், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை உண்ணி இல்லை என்று வந்த பிறகே மருந்தை நிறுத்தலாம். முடி வந்துவிட்டதே என்று நடுவில் விடுபவர்களே அதிகம். அவர்களுக்குத்தான் மூன்றாம் மாதம் திரும்ப வருகிறது. யானைத்தோல் முழுக்கப் பழைய நிறத்துக்கு வராமலும் போகலாம். அரிப்பு நின்று ராத்திரி தூங்குகிறதா என்பதுதான் கணக்கு.

வயதான நாய் ஒரு நாள் போகும். தாங்க முடியாத வேதனையில் இருந்தால் மருத்துவர் ஊசி போட்டு விடுவிக்கலாம். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும். நரியோ காட்டுப்பன்றியோ தோண்டித் தின்றால் அவையும் சாகும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே பெரிய கற்களை அடுக்கிவிட வேண்டும்.